நாற்று அழுகிப்போதல்: ஒரு வினையும் ஒரு துணைவினையும்



தோட்டக்கலை பற்றிய ஆங்கில நூல்களில் ‘டேம்ப் ஆஃப்’ என்றொரு கூட்டுவினை வருகிறது. முளைத்துச் சில நாளே ஆன நாற்று, மண்மட்டத்தில் தண்டு நைந்து, நூல்போல் இளைத்து, சாய்ந்து மடிவதை அது குறிக்கும். மிகுந்த ஈரமும் காற்றோட்டமின்மையும் நெருக்கமான விதைப்பும் சேர்ந்தால் பித்தியம், ரைசோக்டோனியா முதலிய நுண்ணுயிரிகள் பெருகித் தண்டைத் தாக்குகின்றன. வேளாண்மைத் தமிழில் இந்நோய்க்கு ‘நாற்றழுகல்’ என்று பெயர்.

பெயர் நம்மிடம் இருக்கிறது. வினையை எவ்வாறு சொல்வது? இதுவே இன்று நாம் கருதவேண்டிய வினா.

‘டேம்ப்’ என்பதற்கு ‘ஈரம்’ என்றே இன்று பொருள் கொள்கிறோம். ஆயினும் அச்சொல் ஆங்கிலத்தில் முதலில் ஆவியையும், சுரங்கத்தில் மூச்சை அடைக்கும் நச்சுக்காற்றையும் குறித்தது. ஈரப்பொருள் பின்னர் வந்தது. ‘ஆஃப்’ என்பது விலகலைக் குறிப்பது. இத்தகைய வினையோடு சேரும்போது தீர்ந்தொழிதலை உணர்த்தும். சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் மாணவர் ‘ஈரமாகி நீங்கின’ என்றெழுதினால் வியப்பில்லை, பொருள்தான் கிட்டாது.

தமிழில் அந்த வேலையைத் துணைவினை செய்கிறது. ‘நாற்று அழுகியது’ என்றால் நிகழ்ச்சி மட்டும் புலப்படும். ‘நாற்று அழுகிப்போயிற்று’ என்றால், முற்றிலும் கெட்டது, இனி மீளாது, இழப்பு நேர்ந்தது என்பனவும் உடன் புலப்படும். வாடிப்போதல், கெட்டுப்போதல், உடைந்துபோதல் ஆகியனவும் இவ்வகையின. ‘போ’ என்பதும் ஓரிடம் விட்டு நீங்குதலே. இரு மொழிகளும் நீங்குதலைக் கொண்டே அழிவைச் சொல்லியிருக்கின்றன.

இங்கே நம் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விடைத்தாள் திருத்திய காலத்தில், ‘செடிகள் அழுகிப்போயின’ என்று ஒரு மாணவர் எழுதியதைப் பேச்சுவழக்கெனக் கருதிச் சிவப்பு மையால் அடித்து, ‘அழுகின’ என்று திருத்தினோம். இலக்கணம் கெடவில்லை, அம்மாணவர் கண்ட இழப்பு மட்டும் வாக்கியத்திலிருந்து மறைந்தது. வீட்டில் கேட்டுப் பழகிய துணைவினையை வகுப்பறையில் இழந்தவர் அடுத்த முறை எழுதவே தயங்குவார்.

ஆசிரியர்களே, ‘அழுகின’, ‘அழுகிவிட்டன’, ‘அழுகிப்போயின’ மூன்றையும் கரும்பலகையில் எழுதி, வேறுபாட்டை மாணவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அவர்கள் அறிவார்கள். நாற்றுக்கு மிகைநீர் எப்படியோ, மொழி பயில்வோர்க்கு மிகைத்திருத்தமும் அப்படியே.