தலைமையாசிரியரின் காலைப் பொழுது

காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், ஊரார் தாமே முன்வந்து நாற்காலியும் கரும்பலகையும் நன்கொடையாக வழங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை மூத்த நேயர்கள் அறிவார்கள். அந்த உணர்ச்சிக்கே 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்று ஒரு ஸ்வரூபம் கொடுத்தது. ஆயினும், ஊராரின் துணை இப்படி இருந்தும், வகுப்பையும் நடத்திக்கொண்டு, வருகைப் பதிவைக் கைபேசியில் ஏற்றி, சத்துணவு முட்டையையும் எண்ணிப் பார்த்து, வட்டார அலுவலகம் கேட்கும் புள்ளிவிவரத்துக்கும் பதில் எழுதுகிற ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியருக்கு, சக ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பின்வரிசையில் அமர்ந்து கவனிக்கும் பிரதான காரியத்துக்கு அவகாசம் ஏது? குமாஸ்தா வேலை இழிவென்று நான் சொல்லவில்லை. நாலைந்து தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு குமாஸ்தாவையேனும் நியமித்தால் சர்க்காருக்குப் பெருஞ்செலவு ஆகிவிடாது என்பதே என் அபிப்பிராயம்.