முட்டையும் வாத்தும்

கணக்குப் பரீட்சையில் ஒரு மதிப்பெண்கூட எடுக்காத பையனைப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வோம்? "முட்டை வாங்கிட்டான்" என்போம். பூஜ்யத்தின் வடிவம் தந்த பேச்சு அது. கிரிக்கெட் பிறந்த இங்கிலாந்திலும் அந்த வடிவத்தைப் பார்த்து முட்டையைத்தான் நினைத்தார்கள். அவர்களுக்கு அது வாத்து முட்டை. நாளடைவில் முட்டை உதிர்ந்து வாத்து மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. அந்த வாத்துதான் நாம் சொல்கிற 'டக்'. டக்கென்று அவுட் ஆவதால்தான் 'டக் அவுட்' என்று சிறுவயதில் நானும் நம்பியிருந்தேன். காதுக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் வேர் அதுவல்ல.

ரன் எடுக்காமல் ஆட்டமிழந்தால் மட்டுமே டக். கடைசிவரை ஆட்டமிழக்காமல் பூஜ்யத்தில் நின்றவருக்கு அந்தப் பெயர் கிடையாது. சந்தித்த முதல் பந்திலேயே போனால் கோல்டன் டக். ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் எதிர்முனையில் ரன் அவுட் ஆனால் டைமண்ட் டக். டெஸ்டின் இரண்டு இன்னிங்ஸிலும் டக் என்றால் 'பேர்'. இரண்டு பூஜ்யங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், மூக்குக்கண்ணாடி தெரியும். அதிலிருந்து வந்த பெயர்தான் அது.

பெரியவர்களையும் இந்த முட்டை விட்டதில்லை. 1948இல் லண்டன் ஓவல் மைதானத்தில் டான் பிராட்மேன் தன் கடைசி டெஸ்டில் ஆடினார். நான்கே ரன் எடுத்திருந்தால் சராசரி நூறு. எரிக் ஹாலிஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே பௌல்டு ஆனார். சராசரி 99.94இல் நின்றது. நம் தோனியும் 2004இல் சிட்டகாங்கில் தன் முதல் ஒருநாள் ஆட்டத்தில் முதல் பந்திலேயே ரன் அவுட்.

என் மனதில் நிற்பவரோ இலங்கையின் மர்வன் அத்தப்பத்து. 1990இல் சண்டிகரில் முதல் டெஸ்ட்: இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம். 1992இல் கொழும்பில் பூஜ்யம், ஒன்று. 1994இல் அகமதாபாத்தில் மறுபடி இரண்டு பூஜ்யம். ஆறு இன்னிங்ஸில் ஐந்து முட்டை, ஒரே ஒரு ரன். ஒவ்வொரு முறையும் அணியிலிருந்து நீக்கப்பட்டு, உள்ளூர் ஆட்டங்களில் ரன் குவித்து, மறுபடி வாசலில் வந்து நின்றார். அவர் ஓய்வு பெற்றபோது கணக்கில் 16 டெஸ்ட் சதங்கள் இருந்தன. அவற்றில் ஆறு இரட்டைச் சதங்கள்.