"குண்டர் சட்டத்தில் போடு" என்று கேட்பதற்கு முன்



ஆணவக் கொலை நடக்கும்போதெல்லாம் நம் கூட்டங்களில் ஒரு முழக்கம் எழுகிறது: "குண்டர் சட்டத்தில் போடு!" 2025 ஜூலையில் திருநெல்வேலியில் கவின் செல்வகணேஷ் கொல்லப்பட்டபோது, கைதானவர் மீது அந்தச் சட்டம் பாய்ந்தது. நம்மில் பலருக்கு அது ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1982 இல் வந்த தமிழ்நாடு அரசின் 14 ஆம் எண் சட்டம் இது. கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் விற்போர், குண்டர்கள், குடிசைப்பகுதி நிலம் அபகரிப்போர் என்று தொடங்கிய பட்டியலில் 2004 இல் திருட்டு வீடியோ, 2014 இல் இணையக் குற்றம், பாலியல் குற்றம் எல்லாம் சேர்ந்தன. ஆட்சிகள் மாறின, பட்டியல் நீண்டது.

மதுரை மாநகரில் காவல் ஆணையர் உத்தரவு போடுவார். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் என்றால் மாவட்ட ஆட்சியர். ஓராண்டு வரை சிறை. சாட்சி விசாரணை கிடையாது. வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வர முடியாது. ஏழு வாரத்துக்குள் அறிவுரைக் குழுமம் கருத்துச் சொல்லும். அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட உரிமை இல்லை.

காலாவதி மருந்து விற்றதாக ஒருவரை இச்சட்டத்தில் அடைத்தார்கள். இதேபோன்ற வழக்குகளில் ஜாமீன் கிடைத்திருக்கிறது, இவரும் வெளியே வந்துவிடுவார் என்பது காரணம். எந்த வழக்கு, என்ன எண் என்று உத்தரவில் இல்லை. ரேகா எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 2011 இல் உச்ச நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. சாதாரணச் சட்டம் போதும் என்ற இடத்தில் தடுப்புக் காவல் செல்லாது என்றது.

ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போக எல்லோராலும் முடியுமா? கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு ஆட்கொணர்வு மனு என்றால் என்னவென்று யார் சொல்வது? பிறப்பை வைத்தே குற்றவாளி என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்ததற்காக, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட மண் இது. விசாரிக்காமல் அடைக்கும் அதிகாரம் கடைசியில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று நமக்குத் தெரியாதா?

கோகுல்ராஜ் கொலை வழக்கை நினைத்துப் பாருங்கள். 2022 மார்ச்சில் இதே மதுரையின் சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2023 இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கோயில் கண்காணிப்பு கேமராப் பதிவு முக்கிய சாட்சியம். ஓராண்டு தடுப்புக் காவல் முடிந்துபோகும். சாட்சியத்தோடு வந்த தீர்ப்பு நிற்கும்.

ஆகவே இனி இப்படிக் கேட்போம்: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு, சாட்சிகளுக்குப் பாதுகாப்பு, விரைவான விசாரணை. குற்றப்பத்திரிகை தாக்கலானதும் முடிந்தவரை இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்கச் சொல்வது அதே சட்டம்தான்.

உங்கள் தெருவில் ஒரு பையனை குண்டர் சட்டத்தில் அடைத்தால், ஐந்து நாளுக்குள் காரணங்களை எழுத்தில் தந்தார்களா, தாள்கள் படிக்கும்படி இருக்கின்றனவா, தமிழில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அந்தத் தாயை சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிப் போங்கள்.