ஆடும் முன்பே வென்ற ஆட்டம்



இரவெல்லாம் கண்விழித்துக் கால்பந்து பார்த்துவிட்டு, காலைத் திருப்பலியில் தூங்கி வழியும் இளைஞர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. குருமடத்தில் நானும் அப்படித்தான். இன்று அவர்களுக்காகவே ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

1950 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில், மரக்கானா அரங்கம். உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். சுவீடனை 7-1 என்றும், ஸ்பெயினை 6-1 என்றும் நொறுக்கியிருந்த பிரேசிலுக்கு, உருகுவேயோடு சமன் செய்தாலே கோப்பை. அரங்கில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். அவர்கள் மனத்தில் ஆட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. பிரேசில் வீரர்களின் படத்தைப் போட்டு, உலக வெற்றியாளர்கள் இவர்களே என்று ஒரு நாளிதழ் முன்கூட்டியே அச்சிட்டுவிட்டது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் ஜூல் ரிமே, பிரேசிலைப் பாராட்டும் உரையைப் போர்ச்சுக்கீசிய மொழியில் தயாராக வைத்திருந்தார். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டுவேன் என்று தன் நெஞ்சோடு பேசிக்கொண்ட செல்வன் ஒருவன் லூக்கா நற்செய்தியில் வருகிறானே, அவனை இரண்டு இலட்சமாகப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இடைவேளைக்குப் பின் பிரேசில்தான் முதல் கோல் போட்டது. பிறகு உருகுவேயின் ஸ்கியாஃபினோ சமன் செய்தார். ஆட்டம் முடியப் பதினொரு நிமிடம் இருக்கையில் ஜிஜ்ஜா வலப்பக்கம் பந்தோடு பாய்ந்தார். முந்தைய கோலின்போது செய்தது போல் நடுவே தட்டிவிடுவார் என்று எண்ணி, பிரேசில் கோல்கீப்பர் பார்போசா கம்பத்தை விட்டு ஓரடி நகர்ந்தார். அந்த ஓரடி இடைவெளியில் பந்து உள்ளே போயிற்று. அரங்கமே ஊமையாயிற்று. ரிமேயின் உரை படிக்கப்படவேயில்லை.

லேவியர் நூல் 16ஆம் அதிகாரத்தில், மக்களின் குற்றங்களையெல்லாம் ஓர் ஆட்டின் தலைமேல் சுமத்திப் பாலைநிலத்துக்கு ஓட்டிவிடுவார்கள். பார்போசாவுக்கு நடந்தது அதுதான். அவரோடு சேர்த்துப் பழிக்கப்பட்ட இரு தடுப்பாட்டக்காரர்களும் அவரைப் போலவே கறுப்பினத்தவர் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆண்டுகள் பல கழித்து, கடையொன்றில் ஒரு பெண் தன் மகனிடம் இவரைக் காட்டி, நாட்டையே அழவைத்த மனிதர் இவர்தான் என்றாராம். எங்கள் நாட்டுச் சட்டப்படி எந்தக் குற்றத்துக்கும் முப்பது ஆண்டுக்குமேல் தண்டனை இல்லை, எனக்கோ ஐம்பது ஆண்டாகியும் முடியவில்லை என்று அவர் நொந்து சொன்னதுண்டு. 2000 ஏப்ரலில் காலமானார்.

நானும் ஒருவருக்குத் தண்டனை கொடுத்திருக்கிறேன். குருமடங்களுக்கு இடையிலான ஓர் ஆட்டத்தில் எங்கள் கோல்கீப்பரின் கைக்கு வந்த பந்து நழுவி உள்ளே போய்விட்டது. அன்று மாலை 'ஓட்டை வலை' என்று அவனுக்குப் பெயர் வைத்தவன் நான். நான்கு ஆண்டுகள் அந்தப் பெயரோடுதான் நடமாடினான். அண்மையில் ஒரு வெள்ளிவிழாவில் சந்தித்தோம். அவனே முந்திக்கொண்டு, "என்ன சாமி, ஓட்டை வலை ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

அன்று மரக்கானாவில் வென்ற அணியின் தலைவர் ஒப்டுலியோ வரேலா. முதல் கோல் விழுந்ததும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவரிடம் நெடுநேரம் வாதாடி, கூட்டத்தின் ஆரவாரத்தை ஆறவைத்த கெட்டிக்காரர். அன்றிரவு அவர் கொண்டாடப் போகவில்லை. ரியோவின் ஒரு மதுக்கடைக்குள் நுழைந்தார். அங்கே பிரேசில்காரர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களை அழவைத்தவர் அவர். ஆனாலும் அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்தார், வெகுநேரம்.

எங்கள் கோல்கீப்பர் அருகில் அன்றிரவு யாரும் உட்காரவில்லை. அவனுடைய கட்டில் எனக்கு அடுத்த கட்டில்தான்.