இரக்கம் வேண்டா; இடம் வேண்டும்

(தமிழ் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

மொழியைப் பற்றிப் பேசுதற்கென்றே அமைந்த இம் மேடையில், உடற்குறையுடையார் விளையாட்டைப் பற்றிப் பேச எழுந்துள்ளேன். இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் எண்ணலாம். தொடர்பு உண்டு. ஒரு குமுகாயம் தன் உறுப்பினரை எப்படி நோக்குகின்றது என்பதை அது வழங்கும் சொற்களே முதற்கண் காட்டிக் கொடுக்கும். சொல்லைத் திருத்த முனைந்தோர், அச்சொல்லுக்குப் பின் நிற்கும் நெஞ்சையும் திருத்தக் கடமைப்பட்டோர் ஆவர்.

முதலில் வரலாற்றைச் சிறிது காண்போம்.

இட்லரின் கொடுமைக்குத் தப்பி, 1939-ஆம் ஆண்டு செருமனியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர் இலூதவிக் குட்மன் எனும் யூத மருத்துவர். அவர் 1944-இல் இசுடோக்கு மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடம் முறிந்தோர்க்கான பிரிவைத் தொடங்கினார். அக்காலத்தில் தண்டுவடம் முறிந்த போர்மறவர் பெரும்பாலும் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகக் கேட்டாலும் விரைவில் இறந்துபடுவர். அவர்களைப் படுக்கையிலேயே கிடத்தி, வலி தெரியாமற் காப்பதொன்றே மருத்துவத்தின் கடமை எனக் கருதப்பட்டது. குட்மன் அவ்வாறு கருதினாரல்லர். அவர்களை எழுப்பி அமர்த்தினார். பந்தும் வில்லும் கையிற் கொடுத்தார். 1948-ஆம் ஆண்டு சூலை 29-ஆம் நாள், இலண்டனில் ஒலிம்பிக்குப் போட்டிகள் தொடங்கிய அதே நாளில், உருளிநாற்காலியில் அமர்ந்த 16 பேர் அம் மருத்துவமனைப் புல்வெளியில் வில்லெய்தல் போட்டி நடத்தினர். இதுவே வித்து. 1960-இல் உரோம் நகரில் 23 நாடுகளினின்றும் ஏறத்தாழ 400 பேர் கலந்துகொண்டனர். இன்று இணை ஒலிம்பிக்கு என்று உலகம் போற்றும் பெருவிழா, படுக்கையினின்று எழுப்பப்பட்ட அந்தப் பதினாறு பேரின் வில் நாணினின்று பிறந்தது.

வளர்ச்சி எளிதாக வந்துவிடவில்லை. 1968-இல் மெக்சிகோ இவ்விழாவை ஏற்க மறுத்தது; இசுரேலில் நடந்தது. 1980-இல் மாசுகோவில் ஒலிம்பிக்கு நடத்திய சோவியத்து நாடு இவர்களுக்கு இடந்தரவில்லை; ஒல்லாந்து நாட்டின் ஆர்னெம் நகர் இடந்தந்தது. முதன்மை விழா நடந்த அதே ஆடுகளங்களிலேயே இவர்களும் ஆடும் நிலை 1988-இல் சியோல் நகரிலேதான் உறுதிப்பட்டது. பொதுவுடைமை பேசிய நாடாயினும், செல்வச் செருக்குடைய நாடாயினும், இவர்களைத் தம் முற்றத்திற் காணக் கூசிய காலம் ஒன்றிருந்தது. அக்கூச்சம் இன்றும் நம் தெருக்களில் இல்லை என்று எவரேனும் உறுதி கூறவியலுமா?

அன்பர்களே! உடற்குறையுடையாரைக் குமுகாயம் மூன்று வகையாக நோக்குகின்றது. ஒன்று இகழ்தல், மற்றொன்று இரங்கல், மூன்றாவது மிகையாக வியத்தல்.

இகழ்தலைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. ஒருவரின் பெயரை விட்டுவிட்டு அவர் குறையையே பெயராக்கி அழைக்கும் வழக்கம் நம் ஊர்கள்தோறும் உண்டு. கற்றார் அவையிலும் அது வேறு வடிவில் வாழ்கின்றது. 'குருட்டு நம்பிக்கை' என்கின்றோம். 'முடமாகிப் போன ஆட்சி' என்கின்றோம். 'செவிட்டுக் காதினர்' என்று எதிரிகளைச் சாடுகின்றோம். தமிழுணர்ச்சி பொங்கும் மேடைகளிலும் இவ்வுவமைகள் கைதட்டல் பெறுகின்றன. அம்மேடையின் முன் கண்ணில்லாத் தமிழன் ஒருவன் அமர்ந்திருப்பானாயின், அவன் நெஞ்சம் என்ன பாடுபடும்? 'ஆய்விலா நம்பிக்கை', 'செயலற்ற ஆட்சி', 'கேளா நெஞ்சினர்' என்று சொல்வதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லையே! பிறசொல் கலவாமைக்கு இத்துணைப் பாடுபடும் நாம், பிறர் நெஞ்சம் புண்படாமைக்கும் சிறிது பாடுபடலாகாதா?

நம் பழைய நூல்களிலும் இருவேறு நோக்கும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறப்பாட்டில், கண்ணிலார், கூனர், செவிகேளார் முதலான எண்வகைக் குறைப் பிறப்புகளை எண்ணி, அவற்றாற் பயனில்லை என்னும் கருத்துப்பட உரைக்கின்றார். அதே புறநானூற்றில் ஆய் அண்டிரனின் கொடைப்புகழை நிலைநிறுத்திய புலவர் யார்? உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். உடற்குறையால் அமைந்த அடை அது என்பர். முன்னே 'முடம்' இருப்பினும் பின்னே 'ஆர்' விகுதி நிற்கின்றது! குறையைச் சொல்லியும் மதிப்பைக் குறைக்கவில்லை அன்றைய தமிழுலகம். திருவள்ளுவப் பெருந்தகையோ ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறியின்மை எவர்க்கும் பழியாகாது, அறிய வேண்டுவன அறிந்து முயலாமையே பழியாகும் என்னும் கருத்தை நிறுவினார். பொறி என்பதற்குப் பரிமேலழகர் ஊழ் என்று பொருள் கொண்டார். உறுப்பு என்று கொள்வாரும் உளர். எவ்வாறு கொள்ளினும் பழி, உடலைச் சாராது, முயற்சியின்மையையே சாரும். நம் மரபில் எதனைக் கைக்கொள்வது, எதனைக் கைவிடுவது என்பதை நாமே தெளிதல் வேண்டும்.

இரண்டாவது, இரங்கல். இரக்கம் நல்லதன்றோ எனலாம். பசித்தவர்க்குச் சோறிடும் இரக்கம் நல்லதே. ஆனால், ஆட வந்தவனுக்கு இரக்கம் எதற்கு? தண்டால் ஊன்றி நிற்கும் ஒருவன் எறிந்த வட்டு எவ்வளவு தொலைவு சென்றது என்று அளக்காமல், 'ஐயோ பாவம், இவனும் எறிகின்றானே' என்று சொல்பவர், அவனுடைய ஆட்டத்தைக் காணவில்லை. தம் நல்லுள்ளத்தையே கண்டு மகிழ்கின்றனர்.

மூன்றாவது, மிகைவியப்பு. இதுவே நுண்ணிய தீங்கு. ஒருவர் பதக்கம் பெற்றவுடன் 'மாந்தரினும் மேம்பட்டவர்', 'தெய்வப் பிறவி' என்று தூக்கி வைப்பர். ஆத்திரேலிய நாட்டு எழுத்தாளரும் உருளிநாற்காலியில் இயங்கியவருமான இசுடெல்லா யங்கு எனும் அம்மையார், 2014-இல் தாம் ஆற்றிய உரையொன்றில் இப்போக்கைக் கடிந்தார். குறையில்லாதார் தம் மனத்துக்கு ஊக்கமூட்டிக் கொள்ளுதற்குரிய கருவிகளாகத் தம்மனோரைப் பயன்படுத்துகின்றனர் என்பது அவர் குற்றச்சாட்டு. எண்ணிப் பாருங்கள். பதக்கம் பெற்றவரைத் தெய்வமாக்கிவிட்டால், பதக்கம் பெறாத ஆயிரவர்க்குச் சாய்தளமும் பேருந்தும் பயிற்சிக்களமும் செய்துதரும் கடமையினின்று நாம் எளிதாக நழுவிக் கொள்ளலாமன்றோ? 'அவன் முயன்றான், வென்றான். நீ ஏன் முயலவில்லை' என்று குறையைத் திருப்பி அவர்கள் மேலேயே சுமத்தலாமன்றோ?

இவ்விடத்திலேதான் மொழிச் சிக்கலும் வந்து சேர்கின்றது. தமிழ்நாட்டில் 'ஊனமுற்றோர்' எனும் சொல் மாறி, 'மாற்றுத்திறனாளி' எனும் நல்ல தமிழ்ச்சொல் அரசின் சொல்லாயிற்று. 2010-இல் அப்பெயராலேயே தனித்துறை அமைந்தது. நடுவணரசோ வேறு வழி சென்றது. 2015-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் தலைமை அமைச்சர் தம் வானொலி உரையில் 'திவ்யாங்கு' எனும் சொல்லை முன்மொழிந்தார். 2016-இல் துறைப்பெயரிலேயே அது நுழைந்தது. 'தெய்வ உறுப்பு' என்பது அதன் பொருள். உடற்குறையுடையார் உரிமைக்கெனப் பாடுபடும் அமைப்புகள் பல அச்சொல்லை அப்போதே எதிர்த்தன. நாமும் எதிர்க்கின்றோம். வடசொல் என்பதால் மட்டும் எதிர்க்கவில்லை. அதன் கருத்தே பிழைபட்டது என்பதால் எதிர்க்கின்றோம். செயலற்ற காலில் தெய்வத்தன்மை ஏதும் இல்லை. இழிவும் ஏதும் இல்லை. அது ஒரு கால், அவ்வளவே. அக்காலை உடையவன் ஒரு குடிமகன். அவனுக்கு வேண்டுவது பூசையன்று; படிக்கட்டின் அருகே ஒரு சாய்தளம்.

இனி, விளையாட்டை விளையாட்டாகவே காண்பது எவ்வாறு என்பதற்கு வருவோம். மற்போரில் எடைப்பிரிவு இருப்பதுபோல், இவ்விளையாட்டுகளில் உடலியக்க நிலைக்கேற்ற வகுப்புகள் உண்டு. ஓட்டத்திலும் தாண்டலிலும் 11 முதல் 13 வரையுள்ள எண்கள் பார்வைக்குறை உடையார்க்குரியன. அவற்றுள் 11-ஆம் வகுப்பினர், வழிகாட்டும் ஓட்டக்காரரோடு ஒரு சிறு கயிற்றால் கைபிணைத்து ஓடுவர். இருவர் அடியும் ஒன்றாய்ப் பெயர வேண்டும். மணிப்பந்து ஆட்டம் என்று நாம் பெயரிடத்தக்க ஓர் ஆட்டம் உண்டு. பார்வையிழந்த போர்மறவர்க்காக 1946-இல் அமைக்கப்பட்டது. பந்தினுள் மணிகள் ஒலிக்கும். ஆடுவோர் அனைவரும் கண்களை முற்றும் மறைத்திருப்பர். பந்து வரும் திசையைச் செவியாலறிந்து உடலைக் குறுக்கே கிடத்தித் தடுப்பர். பந்து ஓடும்போது பார்வையாளர் மூச்சுவிடும் ஒலியும் எழுப்பலாகாது. கைதட்டுவது ஆட்டத்தைக் கெடுக்கும், வாய்மூடியிருப்பதே மதிப்பு. உடற்குறையுடையாரைப் பற்றி ஓயாது பேசிக் கொண்டிருக்கும் நமக்கு இவ்வாட்டம் ஒரு நல்லாசிரியர்.

நம் தமிழ்மண்ணின் பிள்ளைகளைப் பார்ப்போம். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த தங்கவேலு மாரியப்பன், ஐந்து அகவையில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கப் பெற்றவர். தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். 2016-இல் இரியோ நகரில் 1.89 மீட்டர் உயரந்தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். 2021-இல் நடந்த தோக்கியோ விழாவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி. 2024-இல் பாரிசில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம். அதே 2024-இல் சப்பானின் கோபே நகரில் உலகப் போட்டியில் 1.88 மீட்டர் தாண்டிப் பொன். தொடர்ந்து மூன்று விழாக்களிலும் பதக்கம்! அவர் காலைப் பற்றிப் பேசுவோர் பலர். இவ்வெண்களைச் சொல்லக் கூடியவர் எத்தனை பேர்? மட்டைப்பந்து ஆடுவோன் எடுத்த ஓட்டங்களைப் புள்ளி பிசகாமற் சொல்லும் நம் இளைஞர்க்கு, மாரியப்பன் தாண்டிய உயரம் தெரியாதது ஏன்? பாரிசு விழாவில் இறகுப்பந்தாட்டத்தில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிசா இராமதாசு, நித்தியசிரீ சிவன் ஆகியோர் வெண்கலமும் பெற்றனர். துளசிமதியும் மனிசாவும் அரையிறுதியில் எதிரெதிர் நின்று ஆடினர். உலக மேடையில் வலையின் இருபுறமும் தமிழ்ப்பெண்கள்! அவ்வாட்டத்தை நம் வீடுகளில் எத்தனை பேர் அமர்ந்து பார்த்தோம்?

நாட்டளவிலும் மறதிக்குக் குறைவில்லை. 1965-ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்ட முரளிகாந்து பேட்கர் எனும் மராட்டியப் படைமறவர், 1972-இல் செருமனியின் ஐடல்பெர்கு நகரில் 50 மீட்டர் நீச்சலில் பொற்பதக்கம் வென்றார். இணை ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதற்பொன் அதுவே. அவருக்கு அரசின் பத்ம விருது வந்தது 2018-இல். விளையாட்டுக்கான அருச்சுனர் விருது கைக்கு வந்தது 2025 சனவரியில். அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காத்திருப்பு! 2016-இல் இந்தியா பெற்ற பதக்கம் 4, தோக்கியோவில் 19, பாரிசில் 29. திறன் திடுமெனப் பிறந்ததா? இல்லை. திறன் என்றும் இருந்தது, பயிற்சியும் பொருளும் வாய்ப்பும் சிறிது கிடைத்தன, பதக்கம் பெருகிற்று. இதனின்று கற்க வேண்டிய பாடம் ஒன்றே: குறை அவர்கள் உடலில் இருந்ததினும் மிகுதியாக நம் ஏற்பாடுகளில் இருந்தது.

பெருமக்களே! நான் பள்ளியாசிரியன், ஆதலின் பள்ளியைச் சொல்லியே தீரவேண்டும். விளையாட்டு வேளை மணியடித்தவுடன் வகுப்பே காலியாகும். காலில் குறையுடைய பிள்ளை மட்டும் சாளரத்தருகே அமர்ந்திருக்கும். 'நீ பைகளைப் பார்த்துக்கொள்' என்று அன்பாகவே சொல்லிச் செல்வர். அவ்வன்பினும் கொடியது ஒன்றில்லை! பத்தாண்டுகள் பைகளைக் காத்த பிள்ளை, தான் காவலுக்கே பிறந்தவன் என்று நம்பிவிடும். அப்பிள்ளைக்கு எறிய ஒரு குண்டும், அடிக்க ஓர் இறகுப்பந்தும், எய்ய ஒரு வில்லும் கொடுக்கப் பெருஞ்செலவு ஆகாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம், குறைவகைகளை 7-லிருந்து 21 ஆக விரித்ததோடு, விளையாட்டில் பங்குகொள்ள வழிசெய்வதையும் அரசின் கடமையாக்கியுள்ளது. சட்டம் தாளில் இருக்கின்றது. பிள்ளை சாளரத்தருகே இருக்கின்றது. இரண்டுக்கும் இடையே நிற்பவர்கள் நாமே.

ஆகவே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். நம் மன்றங்கள் ஆண்டுதோறும் நடத்தும் விளையாட்டுப் போட்டிகளில் உடற்குறையுடைய இளைஞர்க்கு உரிய வகுப்புகளை வகுத்துப் போட்டி நடத்துக. ஆறுதற் பரிசு வேண்டா, அளந்து வென்றவர்க்கே பரிசில் தருக. நம் மேடைகளிலும் ஏடுகளிலும் உடற்குறையை வசைச்சொல்லாக ஆளும் வழக்கத்தை இன்றோடு விடுக. உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, விளையாட்டு வேளையில் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளை யாரென்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அப்பிள்ளை களத்திறங்கும்வரை மீண்டும் மீண்டும் கேளுங்கள்.

தமிழனுக்குத் தன்மானம் வேண்டும் என்கின்றோம். எவரும் நம்மை இகழவும் வேண்டா, எவரும் நமக்கு இரங்கவும் வேண்டா, உரிய இடம் தந்தாற் போதும் என்கின்றோம். அதே சொற்களைத்தான் உடற்குறையுடைய தமிழனும் நம்மை நோக்கிச் சொல்கின்றான். தில்லியிடம் நாம் கேட்பதை, நம்மிடம் கேட்பவனுக்கு நாம் மறுப்போமாயின், நம் உரிமைக் குரலுக்கு உண்மை ஏது?