அண்டார்டிகா கப்பல் பயணம்: 500 பேர் கணக்கும் அம்மாவின் முழங்காலும்

அண்டார்டிகா போயிட்டு வந்தேன்னு சொன்னதிலிருந்து நிறையப் பேர் கேட்கிற கேள்வி, "நம்மளால போக முடியுமா? எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்பதுதான். இன்றைக்கு முழுக்க அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அம்மா பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் புவியியல் டீச்சர். பனியாறு நகரும் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்களாம். கெட்டியான இட்லி மாவைச் சாய்த்த தட்டில் ஊற்றிக் காட்டுவார். அவர் ஒரு பனியாற்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. ரிட்டயர் ஆகி, 67 வயதாகி, இரண்டு முழங்காலும் தேய ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இன்னும் இரண்டு வருஷம் காசு சேர்த்துட்டுப் போகலாம் என்று தள்ளிப்போட முடியாது.

அவசரத்தில் விலை குறைவாக இருந்த ஒரு பெரிய கப்பலில் அட்வான்ஸ் கட்டிவிட்டேன். நீச்சல் குளம், தியேட்டர் எல்லாம் இருந்தது. அண்டார்டிகா என்றும் போட்டிருந்தது. சின்ன எழுத்தில் இருந்த ஒரு சொல்லை மட்டும் நான் கவனிக்கவில்லை. அது கரையில் இறக்காத கப்பல். 500 பேருக்கு மேல் பயணிகள் உள்ள கப்பல் அங்கே யாரையும் கரையில் இறக்கக் கூடாது என்பது விதி. பனிமலையைத் தூரத்தில் பார்த்தபடி போய்த் திரும்ப வேண்டியதுதான். அம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, ஜன்னல் வழியாப் பாக்கறதுக்கா இத்தனை காசு? அதுக்கு டிவியே போதுமே." அட்வான்ஸில் பாதி போனது. அந்தக் கம்பெனியின் பெயர் வேண்டாம். படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்.

அதனால விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "கப்பலில் எத்தனை பயணிகள்?" என்பது. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் கரையில் இருக்கலாம். 200 பேர் இருக்கிற கப்பலில் பாதிப்பேர் கரையில் நிற்கும்போது மீதிப்பேர் ரப்பர் படகில் சுற்றிக்கொண்டிருப்பார்கள், பிறகு மாற்றிக்கொள்வார்கள். 400 பேர் என்றால் உங்கள் முறை வருவதற்குள் காற்று மாறிவிடலாம். அடுத்த கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை முறை இறக்குவார்கள்? இரண்டு என்று சொல்வார்கள். சொல்வதுதான், உறுதி கிடையாது. எங்கள் பயணத்தில் ஒரு நாள் முழுக்கக் காற்றினால் போயிற்று.

தெற்கா வடக்கா என்றும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பென்குயின் தெற்கில், பனிக்கரடி வடக்கில். இரண்டையும் ஒரே பயணத்தில் கேட்பவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்! வடக்கு என்றால் நார்வேயின் ஸ்வால்பார்ட். அங்கே மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். 2025 தொடக்கத்திலிருந்து அங்குள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பேருக்கு மேற்பட்ட பயணிகளோடு கப்பல் வர முடியாது. தெற்கில் நவம்பர் முதல் மார்ச் வரை. நவம்பரில் பனி புதுசாக, அழுக்கில்லாமல் இருக்கும், பென்குயின்கள் கூடு கட்டும். டிசம்பர் கடைசி, ஜனவரியில் குஞ்சு பொரிக்கும். பிப்ரவரி, மார்ச்சில் திமிங்கிலம் நிறைய, ஆனால் பென்குயின் காலனிகளில் சேறும் எச்சமும், வாசனை கேட்கவே வேண்டாம். நாங்கள் ஜனவரிக் கடைசியில் போனோம்.

"நம்ம மைத்ரி, பாரதி ஸ்டேஷனைப் பார்க்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். முடியாது. அவை கிழக்கு அண்டார்டிகாவில் இருக்கின்றன. கப்பல்கள் போவது தென் அமெரிக்காவுக்கு எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பத்துக்கு.

இப்போது உடம்பு விஷயம். எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். கப்பலில் டாக்டர் உண்டு, சின்ன மருத்துவ அறை உண்டு, அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மூன்று நாள் கடல் பயணம். அதனால அவசரமாக வெளியேற்றும் செலவையும் ஏற்கிற இன்சூரன்ஸ் இல்லாமல் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். பாலிசியில் அண்டார்டிகா சேருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவப் படிவத்தில் அம்மாவின் முழங்காலை எழுதலாமா, மறைக்கலாமா என்று எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுதினால் மறுத்துவிடுவார்களோ என்ற பயம். கடைசியில் எழுதினேன். மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி அனுப்பினார்கள்: "ஆடுகிற படகிலிருந்து, கைப்பிடி உதவியோடு, தானே காலைத் தூக்கி வைத்து இறங்க முடியுமா?"

முடியுமா என்று எங்களுக்கே தெரியாது. பிசியோதெரபிஸ்ட்டிடம் போனோம். மூன்று மாசம், தினமும் காலையில் வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்கினார். நான் கீழே நின்று, அவர் முன்கையை நான் பிடிக்க என் முன்கையை அவர் பிடிக்க, பழகினோம். படகில் ஏற்றி இறக்குவது அந்தப் பிடியில்தான். பக்கத்து வீட்டுக்காரம்மா என்னடா இதுன்னு பார்த்தார்.

புறப்படுகிற இடம் அர்ஜென்டினாவின் உஷுவாயா. குறைந்தது இரண்டு நாள் முன்னாலேயே போய்ச் சேருங்கள். உங்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. எங்கள் பெட்டி ஒன்று ஒரு நாள் தாமதமாகத்தான் வந்தது. உடனே கப்பல் ஏறியிருந்தால் அம்மாவுக்கு உள்ளே போடும் வெப்ப உடையே இருந்திருக்காது. பிறகு டிரேக் கடல்வழி. போக இரண்டு நாள், வர இரண்டு நாள். குமட்டல் மாத்திரையை, டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஆட ஆரம்பிக்கும் முன்பே போடணும். பிறகு போட்டால் மாத்திரையே வெளியே வந்துவிடும். கடலே வேண்டாம் என்றால் சிலியின் புன்டா அரேனாஸிலிருந்து கிங் ஜார்ஜ் தீவுக்கு விமானத்தில் போய்க் கப்பல் ஏறலாம். சுமார் இரண்டு மணி நேரம்தான். ஆனால் விலை கூட, மேகம் இறங்கினால் விமானமும் இல்லை.

குளிர் நீங்கள் நினைப்பது போல் இல்லை. கோடையில் சைபரை ஒட்டித்தான். காற்றுதான் கடிக்கும். நீர் புகாத பேன்ட்டுக்குச் செலவு செய்யுங்கள், மற்றதில் மிச்சம் பிடிக்கலாம். இறங்கும் முன் பூட்ஸ் கழுவ வேண்டும், பையின் ஒட்டுப்பட்டைகளில் சிக்கிய விதை, மண்ணை எடுக்க வேண்டும். பென்குயினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பறவைக் காய்ச்சல் வந்த பிறகு கரையில் உட்காரவும் கூடாது, பையைக் கீழே வைக்கவும் கூடாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

செலவு? பத்துப் பதினோரு நாளுக்கு, அறையைப் பங்கிட்டாலும், ஒருவருக்கு ஆறேழாயிரம் டாலருக்குக் கீழே கிடைப்பது அபூர்வம். விமானம், விசா, இன்சூரன்ஸ் தனி. இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்தத் தீபகற்பத்தில் கடலில் முடியும் 244 பனியாறுகளை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். 87 சதவீதம் பின்வாங்கியிருந்தன. 2023-24 சீசனில் 1,20,000-க்கும் மேற்பட்டவர்கள் அண்டார்டிகா போனார்கள். அதற்கெல்லாம் எரித்த எண்ணெய் எங்கே போகிறது? எனக்குச் சமாதானமான பதில் கிடையாது. ஒரு தடவைதான், நீளமாக, திரும்பப் போக மாட்டோம் என்று பேசிக்கொண்டுதான் போனோம்.

நெகோ துறையில் பாறையும் சரிவுமாக இருந்தது. அங்கே பனியாறு உடைந்து விழுந்தால் அலை கரைக்கு ஏறும், அதனால் கடலோரத்தில் நிற்காமல் உடனே மேலே ஏறச் சொல்வார்கள். அம்மா தானாகவே "நான் படகுலயே இருக்கேன், நீ போ" என்றார். நான் போகவில்லை.

இன்னும் சிலரோடு படகிலேயே சுற்றினோம். பனிக்கட்டிகள் மிதக்கிற இடத்தில் வழிகாட்டி மோட்டாரை நிறுத்தினார். சடசடவென்று, கடுகு பொரிவது மாதிரி சத்தம். பனிக்கட்டிக்குள் அடைபட்ட பழைய காற்றுக் குமிழ்கள் உடைகிற சத்தம் அது. அம்மா தொப்பியைத் தூக்கிவிட்டுக் காதைத் திருப்பிக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இதை நான் கிளாஸ்ல சொன்னதே இல்ல. எனக்கே தெரியாது" என்றார். அப்புறம் வழிகாட்டியிடம் ஒரு துண்டைக் கையில் எடுத்துத் தரச் சொல்லி, கையுறையைக் கழற்றிவிட்டு, உருகும்வரை வைத்துக்கொண்டிருந்தார்.

விசாவுக்கு நாங்கள் கொடுத்த ஆவணங்கள் பற்றி அடுத்த எபிசோடில் பேசலாம்.