கட்டம் கட்டும் கைவேலை



கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். உச்சியில் பிள்ளையார் சுழி, நடுவில் கோபுரப் படம், இருபுறமும் ஒடுக்கமாக யாகசாலை பூஜை நேரங்கள், கீழே உபயதாரர் பெயர்கள், மூலையில் அன்னதான அறிவிப்பு. இதை யாரும் முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. உபயம் கொடுத்தவர் தன் பெயரைத் தேடுவார். மற்றவர்கள் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று பார்ப்பார்கள். இப்படித் துண்டு துண்டாக நிற்க வேண்டிய எழுத்துக்குத்தான் வேர்ட் மென்பொருளில் டெக்ஸ்ட் பாக்ஸ் இருக்கிறது.

ஈய எழுத்துக் காலத்துக் கம்பாசிட்டர், கட்டம் வேண்டுமென்றால் உலோகக் கோடுகளை அளவு பார்த்து நான்கு மூலையும் சேரும்படி பொருத்த வேண்டும். வேலை அதிகம் என்பதால் அவசியமில்லாமல் தொடமாட்டார். இன்று இன்சர்ட் பட்டியலுக்குப் போய் மவுஸை இழுத்தால் கட்டம் தயார். அதனாலேயே பல நோட்டீஸ்கள் ஜன்னல் கம்பிபோல் கறுப்புக் கோடாய்க் காட்சி தருகின்றன.

கைதேர்ந்த டிடிபிக்காரர் முதலில் கோட்டை எடுத்துவிடுவார். ஷேப் அவுட்லைனில் ‘நோ அவுட்லைன்’ கொடுத்தால் கோடு மறையும். எழுத்து வைத்த இடத்திலேயே நிற்கும். அன்னதானத்துக்கு மட்டும் கோடு இருக்கட்டும், கண் நேராக அங்கே போகும். கோடு போட்டால் உள் ஓரத்தையும் கூட்ட வேண்டும். வேர்ட் தானாக விடுவது பக்கவாட்டில் 0.1 அங்குலம், மேலும் கீழும் 0.05 அங்குலம்தான். கொம்பும் சுழியுமாக எழுந்து இறங்கும் நம் எழுத்துக்கு அது போதாது.

இன்னொன்று, ஜஸ்டிஃபை. ‘மகாகும்பாபிஷேகப் பெருவிழா’ போன்ற நீளச் சொற்களை ஒடுக்கமான பெட்டிக்குள் இரு ஓரமும் சமமாக இழுத்தால் வரி நடுவே பொத்தல் பொத்தலாக வெள்ளை விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது பெட்டிகளை இணைப்பது. உபயதாரர் பட்டியல் என்றைக்கு முடிந்திருக்கிறது? புரூஃப் பார்த்த பிறகும் நான்கு பெயர் வரும். முதல் பெட்டியைத் தேர்ந்து ‘கிரியேட் லிங்க்’ அழுத்தினால் மவுஸ் குறி ஒரு சின்ன கூஜாவாக மாறும். காலியாக உள்ள அடுத்த பெட்டிக்கு மேல் கொண்டுபோனால் அந்தக் கூஜா சாயும். அங்கே கிளிக் செய்துவிட்டால், முதல் பெட்டியில் கொள்ளாத பெயர்கள் தாமாக இரண்டாவதற்குப் போய்விடும். இரண்டாவது பெட்டி காலியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதை அறியாதவர்கள் ஒவ்வொரு புதுப் பெயருக்கும் பட்டியல் முழுவதையும் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

‘பெட்டியைக் காணோமே’ என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் நங்கூரம். மிதக்கும் பெட்டி ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு பத்தியோடு கட்டப்பட்டிருக்கும். அந்தப் பத்தியை முழுதாக அழித்தால் பெட்டியும் கூடவே போகும். பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் ஓரத்தில் சின்ன நங்கூரக் குறி தெரியும். அழிக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் ஆய்வேட்டையோ கதையையோ பெட்டிக்குள் அடைப்பவர்களை என்னால் பாராட்ட முடியாது. வேர்டில் பெட்டிக்குள் அடிக்குறிப்பு போட முடியாது. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் மிதக்கும் பெட்டியை வரிசை மாற்றி வாசிக்கலாம், தவறவும் விடலாம். தொடர்ந்து படிக்க வேண்டிய எழுத்து பக்கத்தோடு ஓடட்டும்.

பார்வையற்றவர்களையும் மனதில் வைத்து விழாக் கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள். நோட்டீஸை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது தேதி, நேரம், இடம் மூன்றையும் அதன் கீழே சாதாரண எழுத்தில் தட்டச்சு செய்து சேர்த்து அனுப்புங்கள்.